குன்னூர் மலையில் இறங்கும்போது பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது, வண்டியை விற்றுவிடலாமா?

ஈரோட்டு மஞ்சள்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 2020இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், இப்போது 68,000 கிலோமீட்டர் ஆகிறது. தினமும் வேலைக்குப் போய்வர, மாதம் ஒருமுறை மாமியார் ஊர், அவ்வளவுதான் ஓட்டம். சர்வீஸ் தவறாமல் விடுகிறேன், பில் எல்லாம் கோப்பில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊட்டியிலிருந்து குடும்பத்தோடு திரும்பினோம். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், டிக்கியில் பெட்டிகள், அம்மா வாங்கிய கேரட், வர்க்கி பொட்டலங்கள். சீசன் இல்லை, அதனால் கோத்தகிரி பக்கம் திருப்பிவிடாமல் குன்னூர் வழியாகவே இறங்க விட்டார்கள். குன்னூர் தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. பர்லியாறு நெருங்கும்போது பின்னாலிருந்து அம்மா, "என்னடா ரப்பர் கருகற மாதிரி வாடை வருது" என்றார். முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது, அதுதான் என்று சொல்லிவிட்டேன். லாரி ஒதுங்கி நின்று நாங்கள் முந்திப் போன பிறகும் வாடை போகவில்லை.

கல்லாறு வருவதற்கு மூன்று நான்கு வளைவுகள் இருக்கும்போது பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையில் கால் வைத்த மாதிரி அமுங்கியது. வண்டி கொஞ்சம்தான் பிடித்தது. அடுத்த மிதிக்கு அதுவும் இல்லை, பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது, பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதே என்று சத்தம் போடவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன், பின்பக்கம் ஒரு ஆட்டு ஆட்டியது. அதற்குள் சாலை கொஞ்சம் சமமாகி, ஓரத்தில் இளநீர் விற்கும் இடத்தில் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டேன். கடவுள் புண்ணியம். முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை.

இனிமேல்தான் புதிர். முக்கால் மணி நேரம் கழித்து பெடலை மிதித்துப் பார்த்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது! மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு "ஒழுகல் எதுவும் இல்லை, மெதுவாகப் போங்கள்" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள் நான் வழக்கமாக விடும் இடத்தில் காட்டினால், மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியைத் திரவ அழுத்தமாக மாற்றும் பாகமாம்), பூஸ்டர் (மிதிக்கு பலம் சேர்ப்பதாம்), நாலு சக்கரத்துக்கும் உரசிப் பிடிக்கும் பேட், ஷூ எல்லாம் மாற்ற வேண்டும், 21,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மனைவி, "அந்த வண்டியில் இனி பிள்ளைகளை ஏற்ற மாட்டேன், வித்துடுங்க" என்கிறார்.

நான் வேகமாக வரவே இல்லை, 30ஐத் தாண்டவில்லை. அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆனது? 21,000 செலவு செய்வதா, விற்பதா?

பட்டறைக்காரர் (கோவை)

முதலில் எல்லோரும் நலம், அது போதும். விலை பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்வி. ஒன்று, எந்த கியரில் இறங்கினீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டோம். இரண்டு, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? டாப் அப் செய்ததைக் கேட்கவில்லை, மாற்றியது. மூன்று, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் என்ன நிறம் தெரிகிறது என்று பாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள்

கியர் பெரும்பாலும் மூன்றாவது. நேரான இடங்களில் நியூட்ரல். (பெட்ரோல் மிச்சமாகுமே என்று.) பிரேக்கில் கால் வைத்தபடியேதான் இறங்கினேன், பாதுகாப்பு என்று நினைத்து.

பில் எல்லாவற்றையும் இப்போது உட்கார்ந்து புரட்டினேன். நான்கு பில்லில் "பிரேக் ஆயில் டாப் அப்" என்று இருக்கிறது. மாற்றியதாக ஒன்றுகூட இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்று தெரியாது. டப்பாவில் வரக்காப்பி நிறம்.

பட்டறைக்காரர் (கோவை)

கதை முடிந்தது. வரக்காப்பிதான் உங்களைத் தள்ளிவிடப் பார்த்தது, மாஸ்டர் சிலிண்டர் அல்ல.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், ஈரத்தை இழுக்கும். ஆடி மாதம் திறந்து வைத்த உப்பு ஜாடி எப்படிக் கசியுமோ அந்த மாதிரி. டப்பாவின் மூடி வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாக, காற்றில் இருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வண்டி ஷெட்டில் நின்றாலும் போகும். புதிதாக இருக்கும்போது டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) திரவம் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தால் தாங்கவேண்டிய அளவு டாட் 3க்கு 140, டாட் 4க்கு 155 என்று தரமே இறங்கிவிடுகிறது. உங்கள் வண்டியில் இருப்பது எத்தனை வருஷத்துச் சரக்கோ, இன்னும் மோசமாகக்கூட இருந்திருக்கும்.

மலையில் இறங்கும்போது டிஸ்க் பழுத்துப்போகும். அந்தச் சூடு பேட் வழியாக கேலிப்பருக்கு (பேட்டை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்), கேலிப்பரிலிருந்து திரவத்துக்கு. அங்கே கொதித்து ஆவியானால் குழாய்க்குள் குமிழி. திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் நீங்கள் மிதிப்பது அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி அப்படி இல்லை, அமுங்கும். நீங்கள் மிதித்ததெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போயிருக்கிறது. நின்று ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது, பெடல் திரும்பி வந்துவிட்டது. புதிர் அவ்வளவுதான்.

இன்னொரு வகை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. அது பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போவது. உங்களுக்கு வந்த கருகல் வாடை அதன் ஆரம்பம். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது, பெடல் தரைக்குப் போனது மட்டும் திரவத்தின் வேலை.

மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா என்று வீட்டிலேயே பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிஷம் மிதித்துப் பிடியுங்கள். ஒரு இடத்தில் நின்றுவிட்டால் நல்லது, மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் கோளாறு. பூஸ்டருக்கு, இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தால் பெடல் கெட்டியாகும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் லேசாக ஒரு இறக்கம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் செய்யாமல் 21,000 கேட்பவரிடம், "மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். பேட் கட்டாயம் கழற்றிப் பார்க்கவேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

டாப் அப் பற்றி ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அதனால் டப்பாவில் அளவு தானாகக் குறையும். அது நமக்கு வரும் தகவல். குறைந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. பார்க்காமல் ஊற்றி நிரப்புவது, காய்ச்சல் பார்க்காமல் தெர்மாமீட்டரைக் கழுவி வைப்பது மாதிரி. நான்கு தடவை கழுவியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாக மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டி மேனுவலில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி.

சாக்பீஸ்

பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன், ஓய்வுபெற்றுவிட்டேன், ஆனாலும் வாய் சும்மா இருக்காது. "30ஐத் தாண்டவில்லை, அப்படியும் ஏன்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த இடத்தில் நிறுத்தி ஒரு கணக்கு.

ஐந்து பேர், சாமான், வண்டி எல்லாம் சேர்த்து 1,250 கிலோ என்று வையுங்கள். குன்னூர் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 330. கிட்டத்தட்ட 1,400 மீட்டர் இறக்கம். எடை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 71 லட்சம் ஜூல் வருகிறது. கரண்ட் பில் பாஷையில் சொன்னால் கால் குறைய ஐந்து யூனிட், அதாவது நாலே முக்கால். கால்வாசி டயர் உருள்வதிலும் காற்றிலும் போகட்டும், மூன்றரை யூனிட் மிச்சம். 2,000 வாட் கீசரை ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடவிட்டால் வருகிற சூடு அது. நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் அதை நான்கு சக்கரத்தின் இரும்பில் ஏற்றிவிட்டீர்கள், அதிலும் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்கில்.

இந்தக் கணக்கில் வேகம் எங்கேயாவது வருகிறதா பாருங்கள். வராது. 20இல் இறங்கினாலும் 40இல் இறங்கினாலும் உயரம் அதே உயரம். மெதுவாகப் போனால் ஆறுவதற்கு நேரம் கூடுதல், சரிதான், ஆனால் டிஸ்க்கைத் தொட்டுப் போகும் காற்றும் குறைவு. அந்த மூன்றரை யூனிட்டை யார் வாங்கிக்கொள்வது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. கியரில் விட்டால் இன்ஜின் வாங்கிக்கொள்ளும், அதற்குத் தண்ணீரும் ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கின்றன. நியூட்ரலில் விட்டால் முழுதும் பிரேக் தலையில்.

மைலேஜ் மன்னன்

எதற்கு இவ்வளவு பயம் காட்டுகிறீர்கள்? என் அப்பா அம்பாசடரில் இன்ஜினையே ஆஃப் செய்து ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இறங்குவார், ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது. பிரேக் நன்றாக இருந்தால் நியூட்ரலில் தாராளமாக வரலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் வருகிறேன், 19 கிலோமீட்டர் கிடைக்கும் வண்டியில் 22 எடுக்கிறேன்.

பட்டறைக்காரர் (கோவை)

மன்னரே, அப்பாவின் அம்பாசடரில் பவர் ஸ்டீரிங் இல்லை, கார்புரேட்டர் வண்டி. இன்றைய வண்டியில் இன்ஜினை அணைத்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வருவது நின்றுவிடும். சேமித்து வைத்தது இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அதற்கு மேல் உடம்பு எடையெல்லாம் போட்டு மிதிக்கவேண்டும். ஸ்டீரிங் கல்லாகும். பதற்றத்தில் சாவியை உருவிவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும், கொண்டை ஊசி வளைவில்.

பெட்ரோல் கணக்கும் தப்பு, சிரிப்பு அங்கேதான். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், இறக்கம் இன்ஜினைச் சுற்றுகிறது என்று தெரிந்து கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நின்றுபோகாமல் இருக்க ஐடிலிங்குக்கு பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று கொஞ்சம் கூடுதலாகத்தான் எரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

குன்னூர் டாக்ஸி

தாமதமாகப் பார்க்கிறேன், இன்று மூன்று டிரிப். பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. மலை இறங்குவது எப்படி என்று நான் சொல்கிறேன், 17 வருஷமாக தினமும் இந்தச் சாலையில்தான் சோறு.

தம்பி, ஏறும் கியரில்தான் இறங்கவேண்டும். இது எங்கள் ஊரில் லைசென்ஸ் எடுக்கிற பையனுக்கும் தெரியும். ஏறும்போது அந்த இடத்துக்கு இரண்டாவது கியர் கேட்டதா, இறங்கும்போதும் இரண்டாவது. கொண்டை ஊசியில் முதல் கியர் கேட்டால் முதல். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடவேண்டும், வண்டி உருண்டு வேகம் பிடித்த பிறகு கீழ் கியருக்குத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டாவதில் இன்ஜின் ஊ என்று கத்தும், ஆர்பிஎம் மீட்டர் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு காட்டும். வெளியூர்க்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மூன்றாவது போட்டுக்கொள்கிறார்கள். கத்தட்டும், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை ஒன்றும் ஆகாது, கத்துகிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கில் கால் வைத்தபடியே வருவது பாதுகாப்பு இல்லை, தோசைக்கல்லை அடுப்பிலேயே வைத்திருப்பதுதான். வேகம் 35க்கு வந்தால் உறுதியாக ஒரு மிதி, 20க்குக் கொண்டுவா, காலை முழுசாக எடு. மறுபடி 35 வரட்டும். இடையில் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக் முடிந்துவிடவேண்டும், வளைவுக்குள் ஸ்டீரிங் மட்டும். கிளட்சை மிதித்துக்கொண்டே திரும்பாதே, மிதித்தால் அதுவும் நியூட்ரல்தான்.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடு. சட்டமும் அதுதான், மலைச் சாலையில் இடம் பத்தாத இடத்தில் இறங்குகிறவன்தான் நிற்கவேண்டும். அரசு பஸ் ஏறி வருகிறது என்று தெரிந்தால் வளைவுக்கு மேலேயே நின்றுவிடு, உள்ளே நுழையாதே. பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும், முன்பக்கம் உன் ஜன்னலுக்கு நேராக வந்துதான் ஒடியும். போன வாரம் ஒருத்தர் ஒன்பதாவது வளைவில் மூக்கை நுழைத்து, பஸ்ஸும் நகர முடியாமல், பின்னால் எட்டு வண்டி வரிசையாகி, அவருக்கு இறக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கவும் வரவில்லை. கடைசியில் நான் போய் ஓட்டி எடுத்துக்கொடுத்தேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக்கொடுத்தார்.

பனி இறங்கினால் லோ பீம். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும்போது நாலு பக்க இண்டிகேட்டரையும் போடாதீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

பெடல் போய்விட்டால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். சடசடவென்று பம்ப் செய், இரண்டு மூன்று மிதியில் கொஞ்சம் பிடிப்பு வரலாம். கையோடு கியரை ஒவ்வொன்றாக இறக்கு, மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. ஹேண்ட் பிரேக்கை நீ இழுத்த மாதிரி ஒரே இழுப்பாக இழுக்காதே, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். பட்டனை அமுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழு. ஹார்னை விடாதே. எதுவும் ஆகவில்லை என்றால் மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்து. பெயின்ட்டைப் பிறகு அடித்துக்கொள்ளலாம். 2023 செப்டம்பர் கடைசியில் மரப்பாலம் பக்கம் தென்காசி மாவட்டத்துச் சுற்றுலா பஸ் பள்ளத்தில் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றிலிருந்து அந்த இடம் தாண்டும்போது எனக்குப் பேச்சு வராது.

வாடை வந்த உடனே நிறுத்தியிருக்கவேண்டும், அம்மா சொன்னார்கள் பாருங்கள். பர்லியாற்றில் இடம் இருக்கிறது, கடை இருக்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டாலே போதும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு உட்காருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், பழுத்த டிஸ்க் கோணிப்போகும்.

கிளட்ச் இல்லாதவள்

அண்ணா, என் வண்டி ஏஎம்டி, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. கியரே என் கையில் இல்லையே, நான் என்ன செய்வது? அடுத்த மாதம் கல்லட்டி வழியாக மசினகுடி போகலாம் என்று யோசித்திருந்தோம். என் தம்பி எலெக்ட்ரிக் வண்டியில் வருகிறான்.

குன்னூர் டாக்ஸி

கியர் உங்கள் கையில்தான் இருக்கிறது பாப்பா. லிவரை எம் (M) என்று போட்டிருக்கும் பக்கம் தள்ளி, மைனஸ் பக்கம் தட்டித் தட்டி 2 காட்டும் வரை இறக்குங்கள், டேஷ்போர்டில் தெரியும். டி-யில் விட்டால் இறக்கத்தில் அது பாட்டுக்கு நாலாவதுக்குப் போய்விடும். மற்ற ஆட்டோமேட்டிக்கில் எல் என்றோ 2 என்றோ எஸ் என்றோ இருக்கும், ஊரில் ஒரு மேம்பாலத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

கல்லட்டி 36 கொண்டை ஊசி, செங்குத்து. வெளியூர் வண்டியை அதில் இறங்க விடுவதில்லை, கூடலூர் சுற்றித்தான் போகவேண்டும். ஒரு வகையில் நிம்மதி.

தம்பி வண்டிக்கு ஒன்று சொல்லுங்கள். ஊட்டியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கவேண்டாம். இறங்கும்போது மோட்டார் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அதுதான் அதற்கு இன்ஜின் பிரேக். பேட்டரி நிறைந்திருந்தால் எங்கே அனுப்பும்? பிடிப்பு குறைந்துவிடும். எண்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், கீழே போய்ச் சேரும்போது கூடியிருக்கும். அப்புறம், இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள்.

ஈரோட்டு மஞ்சள்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பெடல் சோதனை செய்தேன். அரை நிமிஷம் மிதித்துப் பிடித்தேன், ஒரு நூல்கூட இறங்கவில்லை. பூஸ்டர் சோதனையும் சரி. 21,000 சொன்ன இடத்தில் இதைச் சொன்னேன், "எங்களுக்கு கம்பெனி ப்ரொசீஜர் இருக்கு சார்" என்றார்கள். வெளியே ஒரு பட்டறைக்கு எடுத்துப்போய், பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லி, கூடவே நின்று பார்த்தேன். மெக்கானிக் பின்னால் இடது சக்கரத்தில்தான் ஆரம்பித்தார், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதுதான் தூரமாம். சக்கரத்தின் பின்னால் திரவத்தை வெளியே விடும் நிப்பிளில் கண்ணாடி மாதிரி ஒரு ட்யூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, பையன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க மிதிக்க இவர் நிப்பிளைத் திறந்து மூடினார். முதலில் கறுப்பாக வந்தது, கூடவே சின்னச் சின்னக் குமிழிகள். கொஞ்ச நேரத்தில் தேன் நிறம். நான்கு சக்கரமும் முடிய அரை லிட்டர் டாட் 4 போனது. மிச்சம் இருந்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், சீல் உடைத்த டப்பா ஈரம் இழுத்துவிடும், வேண்டாம் என்று அவரே எடுத்துக்கொண்டார்.

முன் பேட்களைக் கழற்றியதும் என் கையில் கொடுத்தார். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, நகத்தால் கீறினால் கீறல் விழவில்லை. வெந்துபோய்விட்டதாம். இடது பக்கத்தில் உள் பேட் 2 மில்லிமீட்டர், வெளிப் பேட் 5. கேலிப்பர் பின் இறுகிப்போய், ஒரு பக்கம் எப்போதும் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வண்டி சில மாதமாகப் பிரேக் போட்டால் லேசாக இடதுபக்கம் இழுத்தது, சாலைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, முன்னால் புதுப் பேட், பின் டிரம்மைத் திறந்து தூசி எடுத்து, எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை.

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மட்டும் ஏற்காடு போய்வந்தேன். இருபது கொண்டை ஊசியும் இரண்டாவது கியரில் இறங்கினேன், இரண்டு இடத்தில் முதல் கியர். இன்ஜின் கத்தியது, டாக்ஸி அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். பிரேக்கை எண்ணிக்கொண்டே வந்தேன், அடிவாரம் வரை நாற்பது மிதிகூட ஆகவில்லை. கீழே நிறுத்தி சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன், சூடு இருந்தது, ஆனால் வாடை இல்லை. எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. மனைவி இன்னும் முழுதாக இறங்கி வரவில்லை. "முதல்ல நீங்களும் மாமியாரும் போய்ட்டு வாங்க" என்கிறார். அம்மா தயார்.

பட்டறைக்காரர் (கோவை)

நல்லது. அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், மூக்கு நன்றாக வேலை செய்கிறது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஒன்று மட்டும். டயர் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் போட்டு, கடைசியில் நாலு இலக்கம் நீள்வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். படித்துச் சொல்லுங்கள். பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேல்பக்கக் கட்டைகள்) இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், உங்களைப் போல் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு பட்டன் தேய்வதற்கு முன்னால் ரப்பர் கிழடாகிவிடும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள், பத்து ஆகிவிட்டால் பார்க்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். முன்னால் இரண்டும் 3121. பின்னால் இரண்டும் 2217.

ஸ்டெப்னியில் 0916. வண்டியோடு வந்தது, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன், பெடல் மாதிரியே இருக்கிறது.